மென்பொருளில் உட்பொதிந்த உறுப்புகளும் அவற்றில் குறை தேடும் முறையும்

2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7-ஆம் தேதியன்று, ‘அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்’ என்னும் மென்பொருள் உறுப்பில் கடுமையான பாதுகாப்புக் குறையொன்று இருப்பதாக அறிவிக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் ஒரு வேண்டுகோளின் தலைப்பில் தந்திரமாகச் சில சொற்களை நுழைத்தால், எங்கோ இருக்கும் அந்நியர் ஒருவர் அந்தக் கணிப்பொறிக்குத் தம் இஷ்டம்போல் கட்டளையிட முடியும் என்பதே அக்குறை. அதனைப் போக்கும் திருத்திய பதிப்பும் உடனுக்குடன் கிடைத்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மக்களின் கடன் விவரங்களைத் தொகுத்து வைக்கும் பெரிய ஸ்தாபனங்களுள் ஒன்றாகிய ஈக்விஃபாக்ஸ் இவ்வுறுப்பை உபயோகித்து வந்தது. 8-ஆம் தேதியே அரசாங்கத்தின் எச்சரிக்கை அதற்குக் கிடைத்தது. 9-ஆம் தேதியன்று, 48 மணி நேரத்திற்குள் திருத்திய பதிப்பைப் பொருத்துமாறு ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பப்பட்டது. 10-ஆம் தேதியன்றே யாரோ சிலர் இணையத்தில் துழாவி, அந்த ஸ்தாபனம் பொதுமக்களின் முறையீடுகளைப் பெறுவதற்கு வைத்திருந்த தளத்தில் அக்குறை திருத்தப்படாமல் இருப்பதைக் கண்டுகொண்டனர். 15-ஆம் தேதி ஸ்தாபனம் தன் கணிப்பொறிகளைத் தானே சோதித்தது. குறையுள்ள உறுப்பு எதுவும் தென்படவில்லை என்பதே அச்சோதனையின் முடிவு.

மே மாதம் 13-ஆம் தேதி அவ்வழியே உட்புகுந்தவர்கள் ஜூலை மாத இறுதிவரை கண்டுபிடிக்கப்படவில்லை. செப்டம்பர் 7-ஆம் தேதி செய்தி வெளியாயிற்று. சுமார் 14 கோடியே 70 லட்சம் மக்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு எண் முதலிய விவரங்கள் களவு போயிருந்தன. பிறந்த தேதியை எவரும் மாற்றிக்கொள்ள முடியாது. எனவே இத்தகைய களவினால் ஏற்படும் தீங்குக்குக் கால வரம்பு கிடையாது.

அந்நியரின் கண்ணுக்கு ஐந்து நாள் முன்னதாகவே பட்டது, உரியவரின் சோதனையில் படாமற்போனது எவ்வாறு? பின்னர் அந்நாட்டு அரசாங்கத் தணிக்கை அலுவலகமும் சட்டமன்றக் குழுக்களும் நடத்திய விசாரணைகளில் இதற்கு விடை கிடைத்தது. சுற்றறிக்கை அனுப்புவதற்கான பெயர்ப் பட்டியல் பழையதாகிவிட்டிருந்தது. அத்தளத்தைப் பராமரிக்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. சோதனை நிரல் தளத்தின் தலைமைக் கோப்புறையை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் உறுப்போ உட்கோப்புறை ஒன்றில் இருந்தது. எந்தத் தளத்தில் எந்த உறுப்பு உள்ளது என்று காட்டும் முழுமையான ஜாபிதா ஸ்தாபனத்தில் எங்குமே இல்லை. அம்முறையீட்டுத் தளம் 1970-களில் அமைக்கப்பட்ட ஒரு பழைய ஏற்பாட்டின் பகுதி என்பதும் கவனிக்கத்தக்கது.

பிறர் செய்த உறுப்புகள்

ஒரு கணிப்பொறி நிரலை ஒருவரோ ஒரு குழுவினரோ முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தாமே எழுதுகின்றனர் என்பது பொதுவான எண்ணம். இது இன்று உண்மையன்று. தேதிகளைக் கணக்கிடுதல், படங்களைச் சுருக்குதல், செய்திகளை மறைகுறியாக மாற்றுதல் போன்ற வேலைகளைச் செய்யும் ஆயத்த உறுப்புகள் உலகெங்கும் எழுதப்பட்டுப் பொதுக் களஞ்சியங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஜாவா மொழிக்கு மேவன் சென்ட்ரல், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு என்.பி.எம்., பைத்தான் மொழிக்குப் பை.பி.ஐ. என மொழிக்கு ஏற்பக் களஞ்சியங்கள் உள. நிரல் எழுதுவோர் வேண்டிய உறுப்புகளின் பெயர்களைக் குறிப்பிட்டால், அவை தாமாகவே வந்து நிரலில் சேர்ந்துகொள்ளும். ஒரு நிரல் இவ்வாறு சார்ந்து நிற்கும் உறுப்புகளைச் ‘சார்புறுப்புகள்’ எனலாம்.

ஒவ்வோர் உறுப்பும் வேறு சில உறுப்புகளைச் சார்ந்திருக்கும். அவை இன்னும் சிலவற்றைச் சார்ந்திருக்கும். நிரலாசிரியர் பத்து உறுப்புகளைக் கேட்டால் நூற்றுக்கணக்கானவை வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. தாம் கேட்ட பத்தின் பெயர்களை அவர் அறிவார். ஏனையவற்றின் பெயர்களை அவர் பெரும்பாலும் பார்த்ததுகூட இல்லை. இச்சார்பு எத்துணை நுண்ணியது என்பதற்கு 2016-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்று போதும். ஒரு சொல்லின் இடப்புறத்தில் தேவையான அளவு வெற்றிடத்தைச் சேர்ப்பது மட்டுமே வேலையாகக் கொண்ட, 11 வரிகளே உள்ள ‘லெஃப்ட்-பேட்’ என்னும் உறுப்பை அதன் ஆசிரியர் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். உலகின் பல பாகங்களிலும் எண்ணற்ற நிரல்களைத் தொகுக்கும் வேலை அன்று தடைப்பட்டது.

ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பணிபுரிவோர்க்கு இவ்விஷயத்தை விளக்குவது எளிது. தரக்குறைவானது எனக் கண்டறியப்பட்ட மருந்தின் தயாரிப்புத் தொகுதி எண்ணை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவிக்கும்போது, இருப்புப் பதிவேட்டில் தொகுதி எண்களைக் குறித்து வைத்திருப்பவர் சில நிமிஷங்களில் விடை கூறிவிடலாம். மருந்தின் பெயரை மட்டும் எழுதி வைத்திருப்பவர் அலமாரிகளைத் திறந்து ஒவ்வொரு புட்டியாகப் பார்க்க வேண்டும். பதிவேடே இல்லாதவர் விடை கூறவே இயலாது. ஆயினும் ‘எங்களிடம் இல்லை’ என்று எழுதிவிட அவருக்கு ஆசை உண்டாகும்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர்

‘லாக்-ஃபோர்-ஜே’ என்பது ஜாவா நிரல்களில் நாட்குறிப்பு எழுதும் உறுப்பு. யார் எப்பொழுது உள்ளே வந்தார், என்ன பிழை நேர்ந்தது என்பன போன்ற செய்திகளை அது ஒரு கோப்பில் பதிவு செய்யும். 2013-ஆம் ஆண்டில் இதில் புது வசதி ஒன்று சேர்க்கப்பட்டது. பதிவு செய்யவேண்டிய செய்தியில் குறிப்பிட்ட வடிவில் ஒரு தொடர் இருக்குமானால், அவ்வுறுப்பு அதனை வெறும் எழுத்தாகக் கருதாமல், தொடரில் சுட்டிய வெளிக் கணிப்பொறியை நாடி, அங்கிருந்து வருவதைப் பெற்றுக்கொள்ளும். அவ்வாறு வருவது தீய நிரலாக இருந்தால் அதுவும் இயங்கத் தொடங்கிவிடும். நாட்குறிப்பில் எழுதப்படுவதை வெளியார் எவரும் எளிதில் தீர்மானிக்கலாம். பெயர் கேட்கும் கட்டத்தில் தம் பெயருக்குப் பதிலாக அத்தொடரை எழுதினால் போதும். சிறுவர் விரும்பி விளையாடும் மைன்கிராஃப்ட் விளையாட்டில், அரட்டைப் பகுதியில் ஒரு வரி எழுதுவதன் மூலமே சர்வர் கணிப்பொறியைக் கைப்பற்ற முடிந்தது.

சீன நாட்டின் அலிபாபா நிறுவனத்தைச் சேர்ந்த பாதுகாப்புக் குழுவினர் 2021 நவம்பர் 24-ஆம் தேதி இக்குறையை அப்பாச்சி ஸ்தாபனத்திற்குத் தெரிவித்தனர். டிசம்பர் 9-ஆம் தேதி விஷயம் பகிரங்கமாயிற்று. கடுமை அளவில் 10-க்கு 10 மதிப்பெண் இதற்கு வழங்கப்பட்டது. முதலில் வெளியான 2.15.0 என்னும் திருத்திய பதிப்பு முழுமையாக இல்லை. அதனைத் தொடர்ந்து 2.16.0, 2.17.0, 2.17.1 ஆகியவை அம்மாத முடிவுக்குள் வந்தன. ஆகவே முதல் வாரத்தில் விழுந்தடித்துக்கொண்டு எல்லா நிரல்களையும் திருத்தியவர்கள் அவ்வேலையை மறுபடியும், அதன் பின் மறுபடியும் செய்ய நேர்ந்தது.

இவ்வுறுப்பு எங்கெல்லாம் உள்ளது என்பதே அப்போது எல்லோரையும் வாட்டிய கேள்வி. மேவன் சென்ட்ரல் களஞ்சியத்தைக் கூகிள் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, பாதிக்கப்பட்ட தொகுதிகளுள் மிகப் பெரும்பாலானவை லாக்-ஃபோர்-ஜேயை நேரடியாகக் கேட்டவை அல்ல என்றும், பலவற்றில் அது ஐந்து படிகளுக்குக் கீழேயும் சிலவற்றில் ஒன்பது படிகளுக்குக் கீழேயும் புதைந்து கிடந்தது என்றும் தெரியவந்தது. ‘நாங்கள் அதை உபயோகிக்கவில்லை’ என்று நிரலாசிரியர் பலர் நல்ல எண்ணத்துடனேயே கூறினர். அவர்கள் கூறியது தவறாக இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் ஓர் இலாகா மட்டும் இந்த ஒரு குறையைக் கவனிப்பதற்காக 33,000 மணி நேர உழைப்பைச் செலவிட்டதாக, அந்நாட்டு ஆய்வுக் குழு 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்நேரத்தில் பெரும் பகுதி திருத்துவதற்கு முன் தேடுவதிலேயே கழிந்திருக்கும் என்று ஊகிப்பது தவறாகாது.

சோதனை நடைபெறும் விதம்

சோதனை நிரலின் வேலை மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலாவது, நிரலில் உள்ள உறுப்புகளைப் பட்டியலிடுதல். நிரலாசிரியர் கேட்டவற்றின் குறிப்பை மட்டும் படித்தால் போதாது. உண்மையில் எந்தெந்த உறுப்பு, எந்தப் பதிப்பு, எத்தனை படி ஆழத்தில் சேர்ந்துள்ளது என்பதைத் துல்லியமாகக் காட்டும் கோப்பு வேண்டும். கணிப்பொறித் துறையினர் இதனை ‘லாக் ஃபைல்’ என வழங்குவர். நிரல் எழுதும்போதே இக்கோப்பையும் பாதுகாத்து வைப்பது பின்வரும் எல்லா வேலைகளுக்கும் அடிப்படையாகும்.

இரண்டாவது, குறைகளைப் பற்றிய பொது அறிவிப்புகளைத் திரட்டுதல். 1999-ஆம் ஆண்டு முதல், கண்டறியப்படும் ஒவ்வொரு குறைக்கும் சி.வி.இ. என்னும் எழுத்துகளுடன் ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட அடையாளம் வழங்கப்பட்டு வருகிறது. லாக்-ஃபோர்-ஜே குறையின் அடையாளம் சி.வி.இ.-2021-44228, ஸ்ட்ரட்ஸ் குறையினுடையது சி.வி.இ.-2017-5638. ஒரே குறையைப் பலர் பல பெயரால் அழைத்துக் குழம்புவது இதனால் தவிர்க்கப்படுகிறது. ஓ.எஸ்.வி. என்னும் பொதுத் தரவகம், எந்தக் களஞ்சியத்தின் எந்த உறுப்பில் எந்தப் பதிப்புமுதல் எந்தப் பதிப்புவரை குறை உள்ளது என்பதை யந்திரம் படிக்கத்தக்க வடிவில் தருகிறது.

மூன்றாவது, இரண்டையும் ஒப்பிடுதல். பார்வைக்கு இது மிகச் சாதாரணமான வேலை. இடறி விழும் இடங்கள் இங்கேதான் அதிகம். பதிப்பு எண்கள் தசம எண்கள் அல்ல. 2.9 என்பது 2.14-க்கு முந்தியது, 2.14 என்பது 2.17-க்கு முந்தியது. புள்ளிக்கு இருபுறமும் உள்ளவற்றைத் தனித்தனி முழு எண்களாகக் கொள்ள வேண்டும். தசமப் பின்னங்களை அண்மையில் கற்ற மாணவர்களிடம் 2.3, 2.14, 2.9, 2.17.1 ஆகியவற்றைப் பழையது முதலாக வரிசைப்படுத்தச் சொன்னால், பெரும்பாலோர் 2.14-ஐ முதலில் வைப்பர். அவசரத்தில் எழுதப்பட்ட சோதனை நிரல்களும் இதே தவற்றைச் செய்யக்கூடும்.

எண்ணைச் சரியாக ஒப்பிட்டாலும் முடிவு தவறாவது உண்டு. 2.15-க்கு முந்திய லாக்-ஃபோர்-ஜே அனைத்தும் குறையுள்ளவை என்று விதி வகுத்தால், 2.12.2, 2.3.1 ஆகியவையும் குற்றவாளிகளாகிவிடும். உண்மையில் அவ்விரண்டும் பழைய ஜாவாவையே நம்பியிருந்தவர்களுக்காகக் குறை நீக்கி வெளியிடப்பட்ட பதிப்புகள். லினக்ஸ் விநியோகஸ்தர்கள் பலர் பதிப்பின் முதன்மை எண்ணை மாற்றாமல் குறையை மட்டும் திருத்தித் தருவது வழக்கம். எண்ணை மட்டும் பார்க்கும் சோதனை அங்கேயும் வீண் எச்சரிக்கை எழுப்பும். வீண் எச்சரிக்கைகள் தொடர்ந்து வருமானால், ஊழியர்கள் உண்மையான எச்சரிக்கையையும் படிக்காமல் ஒதுக்கிவிடுவர் என்பது அனுபவத்தில் கண்டது.

பல நிரல்கள், ஒரே பதிவேடு

ஓர் இலாகாவிலோ பெரிய ஸ்தாபனத்திலோ நூற்றுக்கணக்கான நிரல்கள் இருக்கும். சில அங்கேயே எழுதப்பட்டவை. சில ஒப்பந்தக்காரர்களிடமிருந்து பெறப்பட்டவை. சில யார் எழுதினார் என்றே தெரியாதவை. ஒவ்வொரு புது அறிவிப்புக்கும் இவையனைத்தையும் திறந்து பார்ப்பது நடவாத காரியம். ஆகையால் வேலையின் போக்கையே திருப்பிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நிரலும் தயாராகும்போதே அதன் உறுப்பு ஜாபிதா தானாக எழுதப்பட்டு ஒரு மையப் பதிவேட்டில் சேர வேண்டும். பிறகு அறிவிப்பு வரும்போது தேடப்படுவது பதிவேடேயன்றி நிரல்கள் அல்ல. இவ்வகை ஜாபிதாவை எஸ்.பி.ஓ.எம். என்பர். இதனை எழுதுவதற்கு எஸ்.பி.டி.எக்ஸ்., சைக்ளோன்-டி.எக்ஸ். என்னும் இரு வடிவங்கள் பெருவழக்கில் உள்ளன. முன்னது 2021-இல் சர்வதேசத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. பல நிரல்களின் ஜாபிதாக்களைச் சேர்த்து வைத்து அறிவிப்புகளுடன் ஒப்பிடும் ‘டிபென்டென்சி-டிராக்’ போன்ற சாதனங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன.

சோதனையை நாள்தோறும் நடத்துவது ஏன் என்ற கேள்வி இங்கு எழலாம். நிரல் மாறவில்லையே, நேற்றுச் சோதித்ததை இன்றும் சோதிப்பானேன் என்று நிர்வாகிகள் கேட்பது இயல்பு. நிரல் மாறாவிட்டாலும் அதைப் பற்றிய அறிவு மாறுகிறது. லாக்-ஃபோர்-ஜேயின் குறை எட்டு ஆண்டுகள் அதனுள்ளேயே இருந்தது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சோதித்திருந்தால் எந்தச் சாதனமும் அதனைக் காட்டியிருக்காது.

பதிவேட்டில் உறுப்புகளின் பெயர்கள் மட்டுமின்றி, ஒவ்வொரு நிரலுக்கும் பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயரும் இருத்தல் அவசியம். ஆட்கள் மாற்றலாகிச் செல்வர், பதவி நிற்கும். ஈக்விஃபாக்ஸில் சுற்றறிக்கை வழிதவறியதற்குக் காரணம் கணிப்பொறி அன்று. புதுப்பிக்கப்படாத பெயர்ப் பட்டியல்தான்.

குறைகள் பல ஒருங்கே தென்படும்போது எதை முதலில் திருத்துவது என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டும். கடுமை மதிப்பெண் மட்டும் போதிய வழிகாட்டி அன்று. விஷமிகள் ஏற்கெனவே உபயோகித்து வரும் குறைகளின் பட்டியலை அமெரிக்க அரசாங்கத்தின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2021 நவம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. அப்பட்டியலில் இடம்பெற்றதும், இணையத்திலிருந்து நேரே எட்டக்கூடிய நிரலில் உள்ளதுமான குறைக்கே முதலிடம் தரல் வேண்டும். புதிய பதிப்பைப் பொருத்தியதும் நிரலின் வேறு பகுதி பழுதாவதும் உண்டு. எனவே திருத்தியபின் நிரலை இயக்கிப் பார்க்காமல் பொதுமக்களின் உபயோகத்திற்கு விடலாகாது.

சோதனைக்குப் புலப்படாதவை

முன்பு கூறிய மருந்து உதாரணத்தில், புட்டியிலிருந்து மருந்தை எடுத்துக் கம்பவுண்டர் ஒரு கலவையில் சேர்த்துவிட்டார் எனக் கொள்வோம். கலவைப் புட்டியின் மேல் பழைய சீட்டு இராது. மென்பொருளிலும் இவ்வாறே ஓர் உறுப்பை வேறோர் உறுப்புக்குள் பெயர் மாற்றி உருக்கிச் சேர்ப்பதும், சி மொழியில் எழுதுவோர் பிறருடைய கோப்புகளைப் பிரதி செய்து தம் கோப்புகளுடன் வைத்துக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளன. பெயர்களை மட்டும் தேடும் சோதனைக்கு இவை அகப்படா. கோப்பின் உள்ளடக்கத்தையே அடையாளம் காணும் நுட்பமான முறைகள் இதற்கு வேண்டும். மேலும், எழுத்து வடிவில் களஞ்சியத்தில் இருக்கும் நிரல் திருத்தப்பட்டிருக்கலாம். சர்வரில் ஓடிக்கொண்டிருப்பது ஆறு மாதத்திற்கு முந்தியதாக இருக்கலாம். இரண்டையும் சோதித்தாலன்றி நிலைமை தெரியாது.

இவை எல்லாவற்றினும் கடினமான வகை ஒன்றுண்டு. 2024 மார்ச் 29-ஆம் தேதி, ‘எக்ஸ்.ஸட்.’ என்னும் கோப்புச் சுருக்கும் உறுப்பின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், அதன் பராமரிப்பில் பங்குகொண்டிருந்த ஒருவராலேயே வேண்டுமென்று இரகசிய வாயில் ஒன்று வைக்கப்பட்டிருந்தது வெளியாயிற்று. அதனைக் கண்டுபிடித்தது எந்தச் சோதனை நிரலும் அன்று. கணிப்பொறியினுள் நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாகப் பிடிப்பதைக் கவனித்துக் காரணத்தைத் தேடிச் சென்ற ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியியலாளரே அதனைக் கண்டறிந்தார். ஆனால் அறிவிப்பு வந்தபின், அவ்விரு பதிப்புகளும் தம்மிடம் உள்ளனவா என்று உறுதி செய்யும் வேலை பதிவேடு வைத்திருந்தோர்க்கு எளிதாயிற்று.

அலுவலகங்களும் பள்ளிகளும்

நம் நாட்டில் இத்துறைக்குரிய தேசிய அமைப்பு, 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சர்ட்-இன் ஆகும். குறைகளைப் பற்றிய எச்சரிக்கைகளை அது தொடர்ந்து வெளியிடுகிறது. பாதுகாப்புச் சம்பவம் எதுவும் தெரியவந்த 6 மணி நேரத்திற்குள் தனக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அது பணித்தது. மென்பொருள் வாங்கும் அரசாங்க அலுவலகங்களும் பிறரும் உறுப்பு ஜாபிதாவைக் கேட்டுப் பெறுவது பற்றிய தொழில்நுட்ப வழிகாட்டியை 2024 அக்டோபரில் வெளியிட்டது.

கள ஊழியர்கள் நிரல் எழுதுவோர் அல்லர். ஆனால் பயனாளிகளின் பட்டியலையும் நில விவரங்களையும் கையடக்கக் கருவிகளில் பதிவு செய்பவர்கள் அவர்களே. ஆசிரியர்கள் மாணவர்களின் பிறந்த தேதியையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் வருகைப் பதிவு நிரல்களில் ஏற்றுகின்றனர். இவற்றைத் தயாரித்துத் தரும் ஒப்பந்தக்காரரிடம் உறுப்பு ஜாபிதாவைக் கேட்பதற்குக் கணிப்பொறிப் பட்டம் தேவையில்லை. அவர் தரும் சோதனை அறிக்கையில் ‘குறை எதுவும் இல்லை’ என்ற வாசகத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், எத்தனை உறுப்புகள் சோதிக்கப்பட்டன, எத்தேதியில் சோதிக்கப்பட்டன என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். ஓர் உறுப்பும் சோதிக்கப்படாத அறிக்கையிலும் குறைகளின் எண்ணிக்கை பூஜ்யமே. 2017 மார்ச் 15-ஆம் தேதி ஈக்விஃபாக்ஸில் கிடைத்த விடையும் இவ்வகைப்பட்டதே.

ஒப்பந்தம் முடிந்து, எழுதியவரும் போய், யாரும் திருத்த முன்வராத நிரல்கள் பல அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டுள்ளன. அவற்றைப் பதிவேட்டில் ‘பொறுப்பாளர் இல்லை’ என்ற குறிப்புடன் சேர்த்து, மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாற்று நிரல் வரும்வரை அவற்றை இணையத் தொடர்பிலிருந்து துண்டித்து அலுவலகத்தின் உள்ளேயே இயக்கலாம். உபயோகத்தில் இல்லாதவையாயின், விவரங்களைப் பத்திரமாக வேறிடத்திற்கு மாற்றியபின் அவற்றை அடியோடு நீக்கிவிடலாம்.